அரைநாளக்கா போட்ட திட்டம்

ஊரில் நாலு நாள், ஐந்து நாள் தங்குபவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. அவர்களை டிராவல்ஸ் ஆபீசின் முன்மேசைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளிடம் அனுப்பப்படுபவர்கள் எல்லாம் அரை நாள்காரர்கள். ரயில் மாறுவதற்காக இறங்கியவர்கள், மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டவர்கள், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள். "மத்தியானம் வரைக்கும் சும்மாதான் இருக்கேன், மலையைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று வந்து நிற்பார்கள். அதனாலேயே அந்த டிராவல்ஸ் ஆபீசில் அவளுக்கு அரைநாளக்கா என்று பெயர். வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. அதன் சக்கரம் மட்டும் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

மலையில் பார்க்க மூன்று இடங்கள்தான். மேலே ஏறி நின்றால் ஊர் முழுக்கத் தெரியும் கோபுரம் ஒன்று. பழைய நீர்த்தேக்கமும் அதைச் சுற்றிய பூங்காவும். உச்சியில் ஒரு மணிக்கூண்டு. மூன்றையும் இணைக்கிற ரோப் கார். எல்லாவற்றையும் நாலு மணி நேரத்தில் காட்டி, வண்டி ஏற வேண்டிய இடத்தில் ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் திட்டத்தை நம்பிப் போனவர் ஒருவர்கூட ரயிலைத் தவறவிட்டதில்லை. சும்மா சொல்லக் கூடாது, அது சாதனைதான்.

அதற்கு ஒரு சூட்சுமம் இருந்தது. ஆபீசில் அதற்கு 'ஒளிச்ச நிமிஷம்' என்று பெயர். ரயில் பதினொன்றரைக்கு என்று வாடிக்கையாளர் சொன்னால் இவள் காகிதத்தில் பதினொன்று என்று எழுதுவாள். டாக்ஸி டிரைவரிடம் பத்தே முக்கால் என்பாள். மனுஷன் போட்டோ எடுக்க நிற்பான், குழந்தை பலூன் கேட்டு உருளும், எவனாவது பர்சைத் தொலைப்பான். எல்லாவற்றையும் அந்த ஒளித்த நிமிஷங்கள் விழுங்கிக்கொள்ளும். இந்த வித்தை இவள் கண்டுபிடித்ததல்ல. இவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இவளுடைய அக்கா. அவள் கண்டுபிடித்து, தங்கையை உள்ளே நுழைத்து, கற்றுக்கொடுத்துவிட்டு, கல்யாணமாகிப் பதினாலு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள். அங்கே இப்போது ஒரு பெண்கள் விடுதியில் வார்டன்.

அந்த அக்காதான் போன வாரம் போன் செய்தாள். வார்டன்களுக்கு ஏதோ கூட்டமாம், போகிற வழியில் இந்த ஊரில் ரயில் மாற வேண்டுமாம்.

"காலைல ஏழு மணிக்கு இறங்கறேன். அடுத்த வண்டி மத்தியானம் ஒரு மணிக்கு. நடுவுல அரை நாள் இருக்குடி."

அரைநாளக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். ஆறு வருஷமாக அக்கா இந்த ஊருக்கு வரவில்லை. போனில் மட்டும் பேச்சு. அதுவும் மழை, விலைவாசி, யார் வீட்டில் என்ன என்கிற உப்புச்சப்பில்லாத பேச்சு. இப்போது நேரில் வருகிறாள். கேட்டுவிட வேண்டியதுதான்.

என்ன கேட்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. 'அம்மாவை உன்னோட கூட்டிட்டுப் போ.' அவ்வளவுதான்.

அப்பா போனதிலிருந்து பதினோரு வருஷமாக அம்மா இவளோடுதான். இவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். முதல் ஐந்து வருஷம் அம்மா இவளைப் பார்த்துக்கொண்டாள் என்றே சொல்லலாம். பிறகு இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து இவள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். காலை ஏழிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை ஓர் ஆயாம்மா வருவார். ஒரு மணிக்கு இவள் ஆபீசிலிருந்து ஓடி வந்து, சாப்பாடு ஊட்டி, படுக்க வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். ராத்திரி மூன்று தடவை, நாலு தடவை எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும். தொடர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. பல் தேய்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். ஒரு தடவை வாடிக்கையாளர் முன்னாலேயே, பேனா காகிதத்தில் இருக்க, கண் செருகிவிட்டது. பேனா மலையடிவாரத்திலிருந்து காகித ஓரம்வரை கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. "இது புது ரூட்டா மேடம்?" என்று அந்த ஆள் கேட்டார்.

அம்மாமேல் பாசம் இல்லையா என்றால், அதெல்லாம் இருந்தது. ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. அது கெஞ்சியது.

வீட்டில் வைத்து இதைக் கேட்க முடியாது. இரண்டே அறை, அம்மாவுக்குக் காலில்தான் கோளாறு, காது பாம்புக் காது. அதனால் இவளே சொன்னாள்: "அக்கா, மலைக்குப் போலாமா? கடைசியா வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துட்டு ரயில் ஏறிடலாம்."

அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "மலைக்கே போலாம்டி. வீட்டுல நேரம் இருந்தா பார்க்கலாம்" என்றாள்.

பெற்ற தாயைப் பார்க்க, நேரம் இருந்தால் பார்க்கலாமாம்! போனை வைத்துவிட்டு அரைநாளக்கா பல்லைக் கடித்தாள். கடித்துக்கொண்டே காகிதத்தை எடுத்துத் திட்டம் போட உட்கார்ந்தாள். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவள் தன் அக்காவுக்குப் போட்டதுதான் இருப்பதிலேயே கஷ்டமான திட்டம். கோபுரம், இருபத்தைந்து நிமிஷம். பூங்கா, நாற்பது. மணிக்கூண்டு, இருபது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். இங்கே கேட்கலாம் என்று அர்த்தம். கோபுரத்தில் முடியாவிட்டால் பூங்கா, பூங்காவில் முடியாவிட்டால் மணிக்கூண்டு. வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஒரு மணி ரயிலுக்குப் பன்னிரண்டரைக்கு ஸ்டேஷன். கை பழக்கம், பன்னிரண்டு பத்து என்று எழுதினாள்.

அன்றைக்குக் காலை அம்மா ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "அந்தப் பச்சைப் புடவையை எடு. பெரியவ வரா."

"அவ பன்னெண்டு மணிக்குக்கிட்டதாம்மா வருவா. இப்பவே கட்டிட்டு என்ன பண்ணப் போற?"

"கட்டிட்டு உக்காந்திருப்பேன். உனக்கு என்ன வந்தது?"

புடவை கட்டிவிட்டு, தலை பின்னிவிட்டு, அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வரச் சொல்லியிருந்த ஆயாம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அக்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில், "என்ன இப்படி இளைச்சுட்ட?" என்றார்கள். இரண்டு பேருமே இளைக்கவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாதபோது சொல்கிற வார்த்தை அது.

டாக்ஸி டிரைவர் பழைய ஆள். அக்கா வேலை பார்த்த காலத்திலிருந்தே ஓட்டுபவர். "அடேடே, பெரியம்மிணியா! எங்களைப் படுத்தின பாடு மறக்குமா?" என்று கதவைத் திறந்தார். அக்கா சிரித்தாள். வண்டி கிளம்பியது. டிரைவர் மலையேறும்வரை வாயை மூடவில்லை; அதனால் சகோதரிகள் இரண்டு பேரும் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. அரைநாளக்கா ஜன்னலில் தலையை வைத்தாள். வைத்ததுதான் தெரியும். மேலே போய் நின்றதும் அக்கா தோளைத் தட்டி எழுப்பினாள்.

கோபுரத்தின்மேல் காற்று ஆளைத் தூக்கியது. கீழே ஊர் முழுக்க வெயிலில் கிடந்தது. இதோ முதல் புள்ளி. அரைநாளக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா…" என்றாள்.

"என்னடி?"

"இல்ல… அம்மாவைப் பத்தி…"

"எக்ஸ்கியூஸ் மீ, எங்க எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக் குடுக்க முடியுமா?" ஒரே மாதிரித் தொப்பி போட்ட குடும்பம், பன்னிரண்டு பேர். எடுத்தாள். கண் மூடிவிட்டதாம், இன்னொன்று. குழந்தை திரும்பிவிட்டதாம், இன்னொன்று. ஐந்தாவது போட்டோவில் எல்லாம் சரியாக வந்தது. அதற்குள் இவளுக்குள் இருந்த தைரியம் கலைந்துவிட்டது.

பூங்காவில் ஒரு பெஞ்ச் கிடைத்தது, நீர்த்தேக்கத்தைப் பார்த்த மாதிரி. அருமையான இடம். ஆனால் உட்கார்ந்ததும் அக்கா ஆரம்பித்தாள். விடுதியில் நூற்றிருபது பெண்களாம். ஒருத்தி சுவரேறிக் குதித்தாளாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதாம். பிளம்பர் மூன்று தடவை வந்தும் சரியாகவில்லையாம். அந்தப் பிளம்பரின் அண்ணன் ஒருத்தன் இருக்கிறானாம். அரைநாளக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிளம்பரின் அண்ணன் மனைவியைப் பற்றி ஆரம்பித்தபோதுதான் அவளுக்கே உறைத்தது: இவள் மூச்சு விடாமல் பேசுவது என்னைப் பேசவிடாமல் இருக்க. நான் ஏதோ கேட்கப் போகிறேன் என்று இவளுக்கு மூக்கில் வேர்த்திருக்கிறது.

கோபம் வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லாததால் கொட்டாவியும் வந்தது. "ரோப் காருக்கு நேரமாச்சு" என்று எழுந்தாள்.

ரோப் காரில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பஸ் நிறையப் பிள்ளைகள். இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்ட வரிசையில் ஐம்பது நிமிஷம் நின்றார்கள். முன்னால் பிள்ளைகள், பின்னால் பிள்ளைகள், காதுக்குள் விசில். மணிக்கூண்டை அடைந்தபோது அதன் நாலு முகமும் பதினொன்று முப்பத்தைந்தைக் காட்டின. அந்த நேரத்துக்குக் கீழே, அம்மாவின் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இப்ப இறங்கினா ரெண்டுல ஒண்ணுதான். வீடு, இல்ல ரயில். என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள் அரைநாளக்கா. 'வீடு' என்று சொல்வாள், ரயில் கிடக்கிறது என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசை.

"ரயில்" என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை.

அரைநாளக்காவுக்குக் காதில் சூடு ஏறியது. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஒரு கிழம் விடியற்காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த மகராசிக்கு ரயில்தான் முக்கியம். கீழே இறங்கும்வரை அவள் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவும் இப்போது பிளம்பரைப் பற்றிப் பேசவில்லை. டிரைவர் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புத்திசாலித்தனமாக, வாயை மூடிக்கொண்டு ஓட்டினார்.

சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார். "அவங்களை ஏத்திவிட்டுட்டு வாங்க, வெயிட் பண்றேன்" என்றார்.

பிளாட்பாரத்துக்குப் போய், அரைநாளக்கா பலகையைப் பார்த்தாள். தலையில் எழுதியதுபோல் இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற பலகை. கூட்டம் எந்த ஊரில் என்று அப்போதுதான் கேட்டாள்; ஒரு மணிக்கு அந்த ஊருக்கு ரயிலே இல்லை. ஒன்று நாற்பதுக்குத்தான் இருந்தது.

"அக்கா, உன் வண்டி எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"டிக்கெட்டைக் குடு."

டிக்கெட்டில் ஒன்று நாற்பது என்றுதான் இருந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஐயய்யோ… ஒளிச்சிருக்கேன்டி. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிச் சொல்லி… என் வீட்டுக்காரர்கிட்டகூட ஒரு மணின்னுதான் சொல்லிட்டு வந்தேன். எனக்கே அது ஒரு மணின்னு ஆயிடுச்சு."

"நீ நாற்பது நிமிஷம் ஒளிச்ச. அதுக்கு மேல அரை மணி முன்னாடி வரணும்னு நான் வச்சேன். அதுக்கும் மேல இருபது நிமிஷம் நான் ஒளிச்சேன்."

இரண்டு பேரும் கூட்டிப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் முழுசாகக் கையில் இருந்தது. உலகத்தில் வேறு எந்த இரண்டு பேரும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய முடியாது. அம்மாவை அரை மணி நேரம் நிம்மதியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். போட்டோ எடுக்கச் சொல்ல யாரும் இல்லை. ஏற வேண்டிய வண்டி இல்லை. இந்த நேரத்துக்கு அரைநாளக்கா திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. அதனாலோ என்னவோ, வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"அம்மாவை நீ கூட்டிட்டுப் போ அக்கா. என்னால முடியல."

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "முடியாதுடி" என்றாள்.

"ஏன்?"

"போன மாசமே அம்மா என்கிட்டப் போன்ல கேட்டா. 'சின்னவ துரும்பா போயிட்டா, வாயைத் திறந்து கேக்க மாட்டா, நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு'ன்னு. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லிட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ எதிர்ல வந்து நிக்கறது?"

அம்மா கேட்டிருக்கிறாள். பெற்ற மகளிடம் முடியாது என்று பதில் வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு, அதை மூச்சுவிடாமல் ஒரு மாசமாக மடியில் கட்டி வைத்திருக்கிறாள். இன்றைக்கு அதே மகள் வருகிறாள் என்று பச்சைப் புடவை கேட்டிருக்கிறாள்.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று அரைநாளக்கா கத்தினாள். பக்கத்துப் பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "பதினோரு வருஷம்! ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் வச்சுக்கோன்னு நான் கேட்டிருக்கேனா? நூத்திருபது பொண்ணுங்களைக் கட்டி மேய்க்கிறியே, பெத்தவ ஒருத்தி உனக்குப் பாரமா போயிட்டாளா?"

"பாரம் இல்லடி. பயம்."

"என்ன பயம்?"

அக்கா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "அம்மா விழுந்த அன்னிக்கு நான்தானே கூட இருந்தேன். லீவுக்கு வந்தவளை வச்சுட்டு நீ ஆபீஸ் போன. காய்ச்சல்ல தள்ளாடின அம்மாவைப் பாத்ரூம் வாசல்ல நிக்க வச்சுட்டு ஒரு போன் வந்துதுன்னு திரும்பினேன். ரெண்டு நிமிஷம். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. ஆஸ்பத்திரியில நீ வந்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

அரைநாளக்காவுக்கு ஞாபகம் இல்லை.

"'உன்னை நம்பி விட்டேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்'னு சொன்ன. எல்லார் முன்னாடியும். நர்ஸ் நின்னுட்டிருந்தா. அதுக்கப்புறம் நான் எப்படிடி அவளைத் தொடுவேன்? கூட்டிட்டுப் போய் மறுபடி கீழ போட்டுட்டா?"

அப்படிச் சொன்னாளா? சொல்லியிருப்பாள். அன்றைக்கு எத்தனையோ சொன்னாள். டாக்டரைத் திட்டினாள், வாட்ச்மேனைத் திட்டினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். சொன்னவளுக்கு மறுநாளே மறந்துவிட்டது. கேட்டவள் ஆறு வருஷம் ஊர்ப்பக்கமே வரவில்லை. இவள் ஆறு வருஷம் தூங்கவில்லை. ஒரு வாயின் வேலை இவ்வளவும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அதற்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அக்காவின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எந்திரி."

"எங்க?"

"வீட்டுக்கு. எனக்கு வாய் நீளம்னு உனக்குத் தெரியாதா? சின்ன வயசிலேர்ந்து பார்க்கறியே. எந்திரிக்கா."

"ரயில்…"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பதினஞ்சு நிமிஷம் போக, பதினஞ்சு நிமிஷம் வர. நான் கொண்டுவந்து ஏத்திவிடறேன். என் திட்டத்துல யாரும் ரயிலை விட்டதில்ல."

டிரைவர் இரண்டு பேரும் திரும்பி வருவதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தார்.

வீட்டில் ஆயாம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அம்மா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். புடவைக் கொசுவம் கலையாமல் இருக்க, எங்கும் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. "வா. சாப்பிட்டியா?" என்றாள்.

அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்தாள். "என்னத்துக்கு அழற? புடவை நனையுது பாரு" என்று அம்மா அவள் தலையைத் தடவினாள். "பாதி நரைச்சுப் போச்சே. எனக்குக்கூட இந்த வயசுல இவ்வளவு நரைக்கல."

அரைநாளக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பார்த்தாள். கடிகாரத்தையும் பார்த்தாள். ஒரு மணி ஆக மூன்று நிமிஷம். ஒன்றேகாலுக்குக் கிளம்ப வேண்டும். சுவர் லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

"அக்கா, பத்து நிமிஷம் படுத்துக்கறேன். ஒண்ணேகாலுக்கு எழுப்பு. மறந்துடாத."

"சரிடி. படு."

உள்ளறைக் கட்டிலில் விழுந்தாள். செருப்பைக் கழற்றினாளா என்றுகூடத் தெரியாது.

விழித்தபோது அறையில் வெயில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கியிருந்தது. மணி ஐந்தரையா, ஆறா? ரயில்! பதறி எழப் போனாள். உடம்பு எழவில்லை, கை கால் எல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் கனத்துக் கிடந்தன. மேலே யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். அப்போது நடையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"வலது காலை முதல்ல வைம்மா. இல்ல, இடதா?"

"எதுவா இருந்தா என்னடி? பிடியை விட்டுடாத, அது போதும்."

"விட மாட்டேன். போன் அடிச்சாலும் விட மாட்டேன். நீ நட."

இடது காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். அதுதான் முறிந்த பக்கம். கை அக்குளுக்குக் கீழே இருக்க வேண்டும், தோளில் இல்லை. கதவுப் பக்கம் தரை வழுக்கும். அரைநாளக்கா கத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள், ஒரு வாயால் போனது போதும் என்று மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வாக்கரின் கால்கள் தரையில் தட்டுகிற சத்தம். நிற்கிறது. மறுபடி தட்டுகிறது. பாத்ரூம் கதவு. தண்ணீர். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவள் போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு மறுபடி வாக்கர், மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நாற்காலி கிரீச்சிட்டது.

"பார்த்தியா, மூணு தடவை ஆச்சு. ஒரு தடவைகூட விழல" என்றாள் அம்மா, ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பழகிக்கோம்மா. என் வீட்டுல பாத்ரூம் இதைவிடத் தூரம். நடுவுல ஒரு படி வேற இருக்கு. அந்தப் படியைத்தான் முதல்ல இடிக்கச் சொல்லணும்."

"இடிக்கட்டும். மெதுவா பேசு, அவ தூங்கறா."

அக்காவின் சம்மதத்தைக் கேட்கும் நாளில் குதித்துக் கும்மாளம் போடப்போவதாகத்தான் அரைநாளக்கா நினைத்திருந்தாள். இப்போது கேட்டாயிற்று. கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கையைத் தூக்க அலுப்பாக இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் ராத்திரி எதற்கு விழித்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வந்தது. அதை நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.